படத்தோடு பதிவையும் எடுங்கள்: பல்கலைக்கழக நூலகங்களில் பழைய புகைப்படம் தேடுவது எப்படி?

தாது வருஷப் பஞ்சம் பற்றிக் கொஞ்ச காலமாகக் குறிப்புகள் சேர்த்து வருகிறேன். 1876-ல் தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் சுற்றுப் பகுதிகளையும் சூறையாடிய பஞ்சம் அது. ஐம்பது லட்சத்துக்கும் மேல் செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இதைப் பற்றி இணையத்தில் தேடும் எவருக்கும் சில புகைப்படங்கள் கண்ணில் பட்டே தீரும். எலும்பும் தோலுமாக, வரிசையாக உட்கார்ந்து கேமராவைப் பார்க்கும் மனிதர்கள்.

சிக்கல் என்னன்னா, இதே படங்கள் ‘1943 வங்காளப் பஞ்சம்’ என்ற தலைப்போடும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சர்ச்சிலைத் திட்டும் பதிவுகளில், காணொளிகளின் முகப்பில், வாட்ஸப்பில். சர்ச்சிலைத் திட்டுவதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. ஆனால் அந்தப் படங்கள் எடுக்கப்பட்டபோது சர்ச்சிலுக்கு வயது மூன்றுகூட இருந்திருக்காது. 1874 கடைசியில்தான் அவர் பிறந்தார். நம்ம பக்கத்துச் சனங்களின் சாவு, வேறொரு ஊரின், வேறொரு காலத்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. வங்காளத்தில் செத்தவர்களுக்கும் இதில் நியாயம் இல்லை. அவர்களுடைய உண்மையான படங்கள் இருக்க, அந்த இடத்தில் வேறு யாரோ நிற்கிறார்கள்.

‘இது 1877, அது 1943’ என்று நான் சொன்னால் நீங்கள் ஏன் நம்ப வேண்டும்? நம்பவேண்டாம். நீங்களே சரிபார்க்கலாம். அதற்கு வேண்டிய கருவிகளைப் பல்கலைக்கழக நூலகங்கள் இலவசமாகத் திறந்து வைத்திருக்கின்றன. நான் வரலாறு முறையாகப் படித்தவன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருடமாகச் சாஃப்ட்வேர் எழுதுகிறேன். எந்தப் பல்கலைக்கழகத்தின் அடையாள அட்டையும் என்னிடம் கிடையாது. அப்படிப்பட்ட ஆள் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கூகுள் தருவது பிரதி

கூகுள் லென்ஸ், டின்ஐ போன்ற தலைகீழ்த் தேடல் கருவிகள் நல்ல தொடக்கம். படத்தைக் கொடுத்தால், அதே படம் இணையத்தில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும். டின்ஐயில் பழைய பிரதி முதலில் வரும்படி வரிசைப்படுத்தவும் முடியும்.

ஆனால் இவை தருவது பிரதியின் பிரதியை. யாரோ ஒருவர் நூலகத் தளத்திலிருந்து எடுத்து, ஓரத்தை வெட்டி, நிறத்தைக் கூட்டி, தலைப்பை மாற்றிப் போட்ட படம். இருநூறு தளங்களில் ஒரே தலைப்பு இருந்தால் அது இருநூறு சாட்சி ஆகாது. ஒரே ஆள் சொன்னதை இருநூறு பேர் திருப்பிச் சொல்லியிருக்கலாம்.

நூலகத்திலோ அருங்காட்சியகத்திலோ இருப்பது பொருள். ஒரு தாள், ஒரு கண்ணாடித் தகடு, ஒரு ஆல்பம். அதற்கு ஒரு எண் உண்டு, அலமாரி உண்டு, வந்து சேர்ந்த கதை உண்டு. அவற்றையெல்லாம் ஒரு பட்டியலாளர் பதிவாக எழுதி வைத்திருப்பார். தேடலின் இலக்கு அந்தப் பதிவுதான். படம் ஏற்கெனவே நம்ம கையில் இருக்கிறதே!

நூலகத்துக்கு மூன்று வாசல்

பெரிய பல்கலைக்கழக நூலகம் எதன் தளத்துக்குப் போனாலும் ‘ஆய்வு வழிகாட்டி’ என்று ஒரு பகுதி இருக்கும். துறைவாரியாக நூலகர்கள் தொகுத்த பக்கங்கள். கலை வரலாறு, தெற்காசியா, புகைப்படம் என்று தலைப்புகள். மாணவர்களுக்காக எழுதப்பட்டவைதான், ஆனால் பெரும்பாலும் கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்கலாம். நான் தேடல் பெட்டியைத் தொடுவதற்கு முன் இந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பேன். ஒரு நூலகர் பல வருட அனுபவத்தில் சலித்து எடுத்த பட்டியல் அது. அதில் மூன்று வகை இணைப்புகள் கலந்திருக்கும்.

முதல் வகை, அந்தப் பல்கலைக்கழகமே எண்ணிமமாக்கிய சொந்தத் தொகுப்புகள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ‘டிஜிட்டல் சவுத் ஏஷியா லைப்ரரி’யை நம்மில் பலர் தினமும் பயன்படுத்துகிறோம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனை இணையத்தில் தேடுவது அங்கேதானே! அதே தளத்தில் புகைப்படப் பகுதி ஒன்று இருப்பதை அகராதிக்குப் போகும் பலர் கவனிப்பதில்லை. இந்தியக் கோயில்களின் கட்டடக்கலைப் படங்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரில் கல்கத்தாவில் இருந்த அமெரிக்க விமானப்படைப் புகைப்படக்காரர் க்ளென் ஹென்ஸ்லி 1944-ல் எடுத்த படங்கள் உண்டு. இவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழக நூலகம் உலகம் முழுவதிலும் இருந்த கிறிஸ்தவ மிஷன்களின் புகைப்படங்களை ஒரே இடத்தில் தேடும்படி வைத்திருக்கிறது. பேசல் மிஷன் கேரளத்திலும் தென் கன்னடத்திலும் நடத்திய பள்ளிக்கூடங்கள், நெசவு ஆலைகள், ஓட்டுத் தொழிற்சாலைகள் பற்றி அறிய வேண்டுமானால் மிஷன் படங்களைத் தவிர்க்கவே முடியாது. ஆனைமங்கலம் செப்பேடுகளால் நமக்குப் பெயர் தெரிந்த லெய்டன் பல்கலைக்கழக நூலகமும் தன் ஆசியப் படங்களை இணையத்தில் வைத்திருக்கிறது.

இரண்டாம் வகை, நூலகம் சந்தா கட்டி வாங்கியவை. படங்களுக்கு ‘ஆர்ட்ஸ்டோர்’ என்ற தரவுத்தளம் வெகுகாலம் புகழ்பெற்றிருந்தது. 2024 ஆகஸ்டில் அதன் தனித் தளம் மூடப்பட்டு, படங்கள் ஜேஸ்டோருக்குள் போய்விட்டன. பழைய கட்டுரைகளில் இருக்கும் ஆர்ட்ஸ்டோர் இணைப்பு வேலை செய்யவில்லை என்றால் காரணம் இதுதான். சந்தா இல்லாதவர்களும் ஜேஸ்டோரில் திறந்த தொகுப்புகளைப் பார்க்கலாம். மற்றவற்றுக்கு, அருகில் ஏதாவது பல்கலைக்கழகம் இருந்தால் நேரில் போய்க் கேளுங்கள். வெளியாட்களை நூலகக் கணினியில் உட்கார அனுமதிக்கும் இடங்கள் உண்டு.

மூன்றாம் வகை, வேறு நிறுவனங்களின் திறந்த தொகுப்புகளுக்கான இணைப்புகள். வெல்கம் கலெக்‌ஷன், கெட்டி அருங்காட்சியகம், நியூயார்க் பொது நூலகம், மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் என்று நீளும். பஞ்சப் படங்களைத் தேடிய எனக்கு இந்த மூன்றாம் வாசல்தான் உதவியது. மருத்துவ வரலாற்றுக்குப் பெயர்போன லண்டன் வெல்கம் கலெக்‌ஷனில் பஞ்சப் படம் இருக்கும் என்று தானாகவே யோசித்திருக்க மாட்டேன். பட்டினியும் மருத்துவ வரலாற்றில் அடங்கும் என்பதைப் பார்த்த பிறகுதான் புரிகிறது.

நம்ம ஊருக்கு அவங்க வச்ச பேரு

தேடல் பெட்டியில் ‘தஞ்சாவூர்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் கொஞ்சம்தான் வரும். ‘டான்ஜோர்’ என்று அடித்தால் கொட்டும். பட்டியலாளர் பெரும்பாலும் படத்தின் கீழே எழுதியிருந்ததை அப்படியே எடுத்து எழுதுவார். படத்தின் கீழே எழுதியது 19-ஆம் நூற்றாண்டு வெள்ளைக்காரர். ஆகவே திருச்சிக்கு ட்ரிச்சினாபொலி, திருநெல்வேலிக்கு டின்னவெல்லி, காஞ்சிபுரத்துக்குக் கான்ஜீவரம், தரங்கம்பாடிக்கு ட்ராங்குபார், மாமல்லபுரத்துக்கு ‘ஏழு பகோடாக்கள்’. கோயில் என்றால் பகோடா. சத்திரமும் மண்டபமும் சௌல்ட்ரி. மதுரைப் புதுமண்டபம் பல பதிவுகளில் ‘திருமல் நாயக் சௌல்ட்ரி’ என்று இருக்கிறது.

எடுத்துக்காட்டாக, லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி. சென்னை அரசாங்கத்தின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக இருந்து 1858-ல் மதுரை, தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை எல்லாவற்றையும் படம் எடுத்தவர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, கிட்டத்தட்ட 19 அடி நீளச் சுருளாகவே ஆக்கினார். அதன் தலைப்பில் விமானம் ‘பிமானம்’ என்று இருக்கிறது. அவருடைய தஞ்சைத் தொகுதியின் பெயரில் வரும் ‘த்ரிவாடி’ நம்ம திருவையாறு. இந்தச் சொற்கள் தெரியாவிட்டால், நூலகத்தில் படம் இருந்தும் நமக்கு இல்லாத மாதிரிதான்.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. மதுரையின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலை லெய்டன் தளத்தில் தேடினால் ஜாவாவுக்குப் பக்கத்தில் இருக்கும் மதுரா தீவு வந்து நிற்கும். சேலம் என்று போட்டால் அமெரிக்காவில் சூனியக்காரிகளை விசாரித்த சேலம். ஈரோடு என்று போட்டால் மண்ணரிப்பு! இதற்கு வழி, ஊர்ப்பெயரோடு மாகாணத்தின் பெயரையும் ஒரு காலத்தையும் சேர்த்துத் தேடுவது. தளத்தில் இடம், காலம், பொருள்வகை என்று வடிகட்டிகள் இருக்கும். முதலில் காலத்தை இறுக்குங்கள், பாதிக் குப்பை போய்விடும்.

இன்னொரு விஷயம். எல்லாப் படத்துக்கும் தனிப் பதிவு இருக்காது. இருநூறு படம் உள்ள ஆல்பத்துக்கு ‘தென்னிந்தியக் காட்சிகள்’ என்று ஒரே பதிவு இருக்கலாம். ஊர்ப்பெயரைப் போட்டு எத்தனை தரம் தேடினாலும் அது சிக்காது. எடுத்தவர் பெயர், ஆல்பத்தை வைத்திருந்த அதிகாரியின் பெயர், அவருடைய ராணுவப் பிரிவு என்று தேடி ஆல்பத்தைப் பிடித்து, பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும். நான் கண்டெடுத்த நல்ல படங்களில் பாதி இப்படிப் புரட்டியதில் வந்தவை.

பதிவை வாசிப்பது

பதிவு கிடைத்துவிட்டது. இனி அதை வரி வரியாக வாசிக்க வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் படத்தை மட்டும் பதிவிறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

*தலைப்பு.* தலைப்பு சதுர அடைப்புக்குள் இருந்தால் பொதுவாக அது பட்டியலாளர் வைத்த பெயர். அடைப்பு இல்லாவிட்டால் பொருளின் மேல் எழுதியிருந்தது. இரண்டுக்கும் சாட்சி மதிப்பு வேறு வேறு. பொருளின் மேல் எழுதியிருந்ததும் வேதவாக்கு இல்லை. ஆல்பத்தை ஐம்பது வருடம் கழித்துப் பேரன் எழுதியிருக்கலாம்.

*எடுத்தவர்.* ‘எடுத்தவர் இன்னார்’ என்பதற்கும் ‘இன்னார் எடுத்ததாகக் கருதப்படுகிறது’ என்பதற்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். பகிரும்போது முதலில் உதிர்ந்துபோவதும் அந்தச் சொல்தான்.

*காலம்.* ‘சுமார்’, ‘இடையில்’, கேள்விக்குறி, எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுத்த வருடம், அச்சிட்ட வருடம், ஸ்கேன் செய்த வருடம் மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கும். எது எதற்கென்று பாருங்கள்.

*பொருள்.* அதிகம் பேர் கண்டுகொள்ளாத வரி இது, எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான். ‘ஆல்புமன் பிரிண்ட்’ என்று இருந்தால், முட்டையின் வெள்ளைக்கரு பூசிய தாளில் அச்சிட்ட படம். 1850-ல் அறிமுகமான இந்த முறை 1890-கள் வரை கோலோச்சியது. அதன்பின் ஜெலட்டின் தாள்கள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஒரு படத்தை எப்போது எடுத்தார்கள் என்று தலைப்பு பொய் சொல்லலாம், தாள் அவ்வளவு சுலபமாகச் சொல்லாது.

*வந்த வழி.* யார் கொடுத்தது, எந்த ஆல்பத்திலிருந்து பிரித்தது, எப்போது வாங்கியது. நூலகத்துக்கு 1920-ல் வந்த ஆல்பத்தில் 1943-ல் எடுத்த படம் இருக்க முடியாது. கணக்கு அவ்வளவுதான்.

*எண்ணும் நிலையான முகவரியும்.* உலாவியின் மேல்பட்டையில் தெரியும் முகவரி பல சமயம் தற்காலிகமானது. பதிவுக்குள் ‘நிலையான இணைப்பு’ என்று தனியாக ஒன்று கொடுத்திருப்பார்கள். அதையும் அலமாரி எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மேல் இணையத் தாக்குதல் நடந்தபோது அதன் தளங்கள் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தன. இணைப்பை மட்டும் வைத்திருந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். அலமாரி எண் வைத்திருந்தவர்கள் குறைந்தபட்சம் தாங்கள் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்றாவது சொல்ல முடிந்தது.

பஞ்சப் படத்துக்கு வருவோம்

மேலே சொன்ன வரிகளை அந்தப் பஞ்சப் படங்களின் மேல் வைத்துப் பார்ப்போம்.

எடுத்தவர்: வில்லோபி வாலஸ் ஹூப்பர், சென்னை ராணுவத்தின் குதிரைப்படை அதிகாரி. 1837-ல் பிறந்து 1912-ல் இறந்தவர். ‘இந்திய மக்கள்’ என்ற எட்டுத் தொகுதி அரசாங்க வெளியீட்டுக்கும் படம் கொடுத்தவர். 1912-ல் இறந்தவர் 1943-ல் படம் எடுத்திருக்க முடியாது. ஆனால் சில படங்கள் அவர் எடுத்ததாகக் கருதப்படுபவை மட்டுமே. அதனால் இந்த ஒரு வாதத்தோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

பொருள்: ஆல்புமன் பிரிண்ட். 1943-ல் பத்திரிகைக்குப் படம் எடுப்பவர் யாரும் முட்டைத்தாளில் அச்சிட்டுக்கொண்டிருக்கவில்லை.

படமெடுத்த முறை: மனிதர்களைக் குழுவாக உட்கார வைத்து, எல்லோரும் ஒரு பக்கம் பார்க்க, அசையாமல் எடுத்தவை. முக்காலியில் நிற்கும் பெரிய கேமரா, கண்ணாடித் தகடு. ஒவ்வொரு படத்துக்கும் ஏற்பாடு வேண்டும். 1943-ன் படங்கள் வேறு மாதிரி. அந்த வருடம் ஆகஸ்டில் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை பஞ்சப் படங்களை வெளியிட்டு உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. சுனில் ஜானா ஊர் ஊராகப் போய் எடுத்தார். கையடக்கக் கேமரா, தெரு, நடைபாதை, நடந்துகொண்டிருக்கும் காட்சி. சந்தேகம் இருந்தால் சிகாகோ தளத்தில் ஹென்ஸ்லியின் 1944 படங்களைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவை பஞ்சத்தைப் பற்றியவை என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தக் காலத்துக் கேமரா அந்த ஊரை எப்படிப் பார்த்தது என்பது ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். முன்னதில் இருக்கும் விறைப்பு பின்னதில் இல்லை.

அடுத்தது, சமகாலச் சாட்சி. 1877-ல் செய்தித்தாளில் புகைப்படத்தை நேரடியாக அச்சிடும் வசதி வரவில்லை. மரக்கட்டையில் செதுக்கித்தான் போட்டார்கள். அந்த வருடத்து லண்டன் சித்திரப் பத்திரிகைகளில் சென்னைப் பஞ்சத்தின் செதுக்குப் படங்கள் இருக்கின்றன. அவற்றின் பழைய இதழ்களையும், வில்லியம் டிக்பி 1878-ல் எழுதிய பஞ்சம் பற்றிய இரண்டு தொகுதிகளையும் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் ஹாத்திடிரஸ்ட் போன்ற தளங்களில் தேடிப் படிக்கலாம். நிவாரண வேலைக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் ஓர் அணாவும்தான் ஆணுக்குக் கூலி என்று ரிச்சர்ட் டெம்பிள் குறைத்த கணக்கைப் படித்துவிட்டு மறுபடி அந்தப் படங்களைப் பாருங்கள். அந்த உடம்புகளுக்கு ஒரு விளக்கம் கிடைக்கும்.

இத்தனையும் சேர்ந்த பிறகுதான் ‘இது தாது வருஷத்துப் படம்’ என்று என்னால் எழுத முடிகிறது. ஒவ்வொன்றும் பதிவின் ஒரு வரியிலிருந்து புறப்பட்டது. படத்தை மட்டும் நூறு தடவை உற்றுப் பார்த்திருந்தாலும் இதில் பாதி கிடைத்திருக்காது.

பெரிதாக்கிப் பார்க்க: ட்ரிபிள்-ஐ-எஃப்

இனிக் கொஞ்சம் என் தொழில் சார்ந்த சங்கதி. பல நூலகத் தளங்களின் அடியில் இப்போது ஒரே பொதுத் தரம் ஓடுகிறது. எழுத்து மூன்று ‘ஐ’, ஒரு ‘எஃப்’. வாயில் ‘ட்ரிபிள்-ஐ-எஃப்’. 2011 வாக்கில் சில பெரிய நூலகங்கள் உட்கார்ந்து பேசியதில் பிறந்தது. அதற்கு முன் ஒவ்வொரு நூலகமும் தனக்கென ஒரு படக்காட்டியை எழுதி வைத்திருந்தது, ஒன்றில் இருக்கும் படத்தை இன்னொன்றில் திறக்க முடியாது.

இதன் அடிப்படை ரொம்ப எளிமை. படத்தின் இணைய முகவரியே ஒரு கட்டளை. படத்தின் அடையாள எண்ணுக்குப் பிறகு ஐந்து துண்டுகள் வரும்: எந்தப் பகுதி, எவ்வளவு பெரிது, எத்தனை பாகை திருப்ப வேண்டும், வண்ணமா கறுப்பு வெள்ளையா, எந்தக் கோப்பு வடிவம். முகவரியில் முதல் துண்டை ‘முழுவதும்’ என்பதிலிருந்து நான்கு எண்களாக மாற்றினால் அந்தச் சதுரம் மட்டும் வெட்டி வரும். இரண்டாவது துண்டை ‘அதிகபட்சம்’ என்று மாற்றினால், நூலகம் அனுமதிக்கும் மிகப் பெரிய அளவு வரும். சின்னப் படம்தான் கிடைக்கிறது என்று பலர் அலுத்துக்கொள்ளும் தளங்களில் பெரிய படம் ஒரு சொல் தூரத்தில் இருக்கிறது. இதில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. தரமே அப்படி வடிவமைக்கப்பட்டதுதான்.

இன்னொரு பயன், ஒப்பிடுவது. ‘மிராடோர்’ என்ற இலவசப் படக்காட்டியில் லண்டனில் இருக்கும் பிரதியையும் லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் திறக்கலாம், இரண்டு நிறுவனங்களும் இந்தத் தரத்தைப் பின்பற்றினால். ஒன்றில் ஓரம் வெட்டப்பட்டிருக்கும், மற்றதில் கீழே கையெழுத்துத் தெரியும். வெட்டப்பட்ட ஓரத்தில்தான் பல சமயம் ஊர்ப்பெயர் இருக்கிறது.

பயன்படுத்தலாமா?

‘இணையத்தில் இருக்கு, எடுத்துக்கலாம்’ என்பதும் தப்பு, ‘நூலகத்துடையது, தொடக்கூடாது’ என்பதும் தப்பு.

இந்தியச் சட்டத்தில் புகைப்படத்துக்கு முன்பு தனிக் கணக்கு இருந்தது, வெளியிட்டதிலிருந்து 60 வருடம். 2012 திருத்தத்தில் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். இப்போது மற்ற படைப்புகள் மாதிரியே, எடுத்தவர் வாழ்நாளும் அதற்குப்பின் 60 வருடமும். ஹூப்பர் 1912-ல் இறந்தவர், எப்படிப் பார்த்தாலும் அவர் படங்கள் பொதுவுடைமை. சரி, அதை ஸ்கேன் செய்த நிறுவனத்துக்குப் புதிதாக உரிமை வருமா? தட்டையான பழைய படைப்பை உள்ளது உள்ளபடி நகலெடுப்பதில் புதிய காப்புரிமை பிறக்காது என்று 1999-ல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. 2019-ல் ஐரோப்பிய ஒன்றியமும் ஏறக்குறைய அதே கருத்தைச் சட்டநெறியாக்கியது. ஆனால் எல்லா நாட்டுக்கும் ஒரே விதி இல்லை. தளத்தைப் பயன்படுத்துவதற்கான நிபந்தனைகள் தனி.

நடைமுறையில் செய்ய வேண்டியது, பதிவில் உரிமை என்ற வரியைப் பார்ப்பது. பொதுவுடைமைக் குறி இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். ‘சிசி பை’ என்றால் பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். 2016 முதல் பல நூலகங்கள் 12 வகை உரிமை அறிக்கைகள் கொண்ட பொதுப் பட்டியல் ஒன்றைப் பயன்படுத்துகின்றன. அதில் ‘காப்புரிமை நிலை தெரியவில்லை’ என்பதும் ஒன்று. அப்படி இருந்தால் நூலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நான் எழுதிய மின்னஞ்சல்களுக்குப் பெரும்பாலும் பதில் வந்திருக்கிறது, அதுவும் நான் கேட்டதைவிடக் கூடுதல் தகவலோடு. கேள்வி கேட்பவரிடம் நூலகர்கள் பட்டம் கேட்பதில்லை.

சட்டத்துக்கு அப்பால் இன்னொன்றும் உண்டு. பஞ்சப் படங்களில் இருப்பவர்களை யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் பெயரும் பதிவில் இல்லை. இந்தப் படங்களை நான் கட்டுரையின் முகப்பில் ஆள் இழுக்கப் போடுவதில்லை. எதைப் பற்றிப் பேசுகிறோமோ அந்தப் பத்தியின் பக்கத்தில், இடமும் காலமும் எழுதி வைக்கிறேன். பெயர் போய்விட்டது, குறைந்தபட்சம் ஊரும் வருடமும் போகாமல் இருக்கட்டும்.

சேமிக்கும் முறை

பதிவிறக்கிய படத்தின் கோப்புப் பெயர் ‘டிஃபால்ட்’ என்றோ பன்னிரண்டு இலக்க எண்ணாகவோ இருக்கும். ஆறு மாதம் கழித்து அது எது என்று கடவுளுக்குத்தான் தெரியும். நான் செய்வது இவ்வளவுதான். கோப்புக்கு நிறுவனத்தின் பெயரையும் அலமாரி எண்ணையும் வைத்துவிடுவேன். அதே பெயரில் பக்கத்திலேயே ஒரு சின்ன உரைக்கோப்பு. அதில் ஆறு வரிகள்: தலைப்பு உள்ளது உள்ளபடி, எடுத்தவர், காலம், பொருள், உரிமை, நிலையான இணைப்பு. கடைசியில் நான் பார்த்த தேதி. பதிவுகள் திருத்தப்படும், ஆகவே தேதி முக்கியம்.

கணினியோடு பழகியவர்கள் இதே வரிகளைப் படக்கோப்பின் உள்ளேயே எழுதி வைக்கலாம், அதற்கு இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் வாட்ஸப் வழியாகப் போகும்போது உள்ளே எழுதியது பொதுவாக உதிர்ந்துவிடும். யாருக்காவது அனுப்பினால் படத்தின் கீழே இரண்டு வரி தட்டச்சு செய்து அனுப்புங்கள்.

நாமும் எழுதலாம்

இந்தப் பதிவுகளை எழுதியவர்கள் நம்ம ஊரைப் பார்த்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. ‘அடையாளம் தெரியாத கோயில், தென்னிந்தியா’ என்று எத்தனையோ பதிவுகள் கிடக்கின்றன. உள்ளூர்க்காரருக்குக் கோபுரத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடும். தேரின் அமைப்பு, குளத்தின் படிக்கட்டு, பின்னால் தெரியும் மலை போதும். பல தளங்களில் பதிவின் கீழே ‘திருத்தம் தெரிவிக்க’ என்று ஒரு இணைப்பு இருக்கும். ‘இது இன்ன ஊர்க் கோயில், இன்ன காரணத்தால் சொல்கிறேன்’ என்று காரணத்தோடு எழுதுங்கள். முடிந்தால் அதே கோணத்தில் இன்றைக்கு எடுத்த படம் ஒன்றையும் இணையுங்கள். உடனே மாற்றுவார்கள் என்று சொல்ல முடியாது. சரிபார்த்துத்தான் மாற்றுவார்கள், அப்படித்தான் செய்யவும் வேண்டும்.

உங்கள் மாவட்டத்தின் பழைய ஆங்கிலப் பெயரைப் போட்டு, காலத்தை 1900-க்கு முன் என்று வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். பெயர் இல்லாமல் கிடக்கும் ஒரு படத்துக்காவது ஊர் கிடைத்தால், அடுத்து அதைத் தேடி வருபவருக்கு வேலை மிச்சம்.